மரத்தின் பெயர் கேட்டவர்

நுழையும்முன்

உங்கள் பள்ளியின் மதிலோரத்தில் வரிசையாக நிற்கும் உயரமான மரத்தைப் பாருங்கள். ஒடுங்கிய நீண்ட இலைகள். அலைபோல் நெளிந்த விளிம்பு. தரைநோக்கித் தொங்கும் கிளைகள். காவலரைக் கேட்டால் அதனை 'அசோக்' என்பார். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று பாட்டியிடம் கேட்டால் 'நெட்டிலிங்கம்' என்பார். இருவருள் யார் சொல்வது சரி?

பாட்டி சொல்வதே சரி. வடமாநிலங்களில் பலர் அசோகம் என்று அழைக்கும் இம்மரம் உண்மையான அசோகம் அன்று. உண்மையான அசோகம் குட்டையாகக் கிளை பரப்பி நிற்கும். ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். அதன் தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பூக்கள் மஞ்சளாகப் பூத்துச் சிவப்பாக முதிரும் கொத்துகள். தமிழ் இலக்கியங்கள் பிண்டி என்றும் செயலை என்றும் போற்றுவது இம்மரத்தையே. நெட்டிலிங்கத்தின் பூவோ இலையின் நிறத்திலேயே இருப்பதால் அது பூத்திருப்பதைப் பலர் அறிவதே இல்லை.

ஒரு மரத்தை இன்னதென்று அறிவதற்கு இரண்டு வேலைகள் வேண்டும். ஒன்று, அதனை உற்றுநோக்குதல். மற்றொன்று, அம்மரத்தோடு வாழ்கின்ற மக்களிடம் அதன் பெயரைக் கேட்டறிதல். இவ்விரண்டையும் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் நம் நாட்டில் செய்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

வில்லியம் ராக்ஸ்பர்க் 1751ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் அயர்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் மருந்துகளுட் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே பெறப்பட்டன. ஆகவே மருத்துவம் பயில்வோர் தாவரவியலையும் கற்க வேண்டியிருந்தது. ஜான் ஹோப் என்னும் பேராசிரியரிடம் அவர் தாவரவியல் கற்றார். மருத்துவம் அவருக்குப் பிழைப்பாயிற்று, தாவரவியல் வாழ்வாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய பின்னர், 1776ஆம் ஆண்டு சென்னையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். மருத்துவமனைப் பணிக்கிடையே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நாள்தோறும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்து குறித்துவைத்தார். எதனையும் பார்த்தவுடன் எழுதிவைக்கும் இப்பழக்கமே பின்னாளில் அவருடைய பெரும்பணிக்கு அடித்தளமாயிற்று.

அந்நாளில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியேற்றம் இருந்தது. அங்கு மருத்துவராக வந்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். அவர், தாவரங்களுக்கு இரு சொற்களாலான அறிவியற்பெயர் இடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் என்பாரின் மாணவர். கோனிக்கின் நட்பு ராக்ஸ்பர்க்குக்குக் கிடைத்தது. சோழமண்டலக் கரையின் செடிகளை எவ்வாறு தேடுவது, எவ்வாறு வகைப்படுத்துவது என்பதை அவர் கோனிக்கிடமிருந்து அறிந்துகொண்டார்.

சாமர்லகோட்டைத் தோட்டம்

1781ஆம் ஆண்டு ராக்ஸ்பர்க் கோதாவரி ஆற்றுப்படுகையை அடுத்த சாமர்லகோட்டைக்கு அனுப்பப்பட்டார். இன்று அவ்வூர் ஆந்திர மாநிலத்தில் காக்கிநாடாவுக்கு அருகில் உள்ளது. அங்கு அவர் ஒரு தோட்டம் அமைத்தார். மிளகு, அவுரி, கரும்பு முதலியவற்றைப் பயிரிட்டு ஆராய்ந்தார். கம்பெனிக்கு வேண்டியது வணிகம். எந்தச் செடி காசு தரும் என்பதே அதன் கேள்வி. ராக்ஸ்பர்க் அக்கேள்விக்கும் விடை தேடினார். அதே வேளையில், காசு தராத செடிகளையும் விட்டுவிடாமல் ஆராய்ந்தார். அவை எங்கு வளர்கின்றன, எப்போது பூக்கின்றன, ஊரார் எதற்குப் பயன்படுத்துகின்றனர், தெலுங்கில் என்ன பெயர் என்பனவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார்.

1787ஆம் ஆண்டு மே மாதம் பெரும்புயல் ஒன்று கோரங்கிக் கடற்கரையைத் தாக்கியது. கடல் கரையைத் தாண்டி ஊர்களுக்குள் புகுந்தது. மக்கள் பெருந்திரளாக மாண்டனர். அவ்வெள்ளத்தில் ராக்ஸ்பர்க் பல ஆண்டுகளாகச் சேர்த்திருந்த உலர்செடித் தொகுப்பும், நூல்களும், கையெழுத்துக் குறிப்புகளும் அழிந்தன. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து.

இழந்தவை கடையில் வாங்கக்கூடிய பொருள்கள் அல்ல. ஒரு மரத்தின் பூவை மீண்டும் காண அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும்; காயைக் காண இன்னும் சில திங்கள் செல்ல வேண்டும். ஆயினும் அவர் தொடக்கத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார். பார்த்த மரங்களை மறுபடியும் சென்று பார்த்தார். கேட்ட பெயர்களை மறுபடியும் கேட்டார். இன்று நம் கையில் உள்ள அவருடைய நூல்கள் அனைத்தும் அப்புயலுக்குப் பின்னர் உருவானவையே.

அடுத்த சில ஆண்டுகளில் மழை பொய்த்து அப்பகுதியில் கொடும்பஞ்சம் வந்தது. நெல் ஒன்றையே நம்பியிருத்தல் ஆகாது என்பதை ராக்ஸ்பர்க் நேரிற் கண்டார். தென்னை, பனை, பலா முதலிய உணவு தரும் மரங்களை வழிகளிலும் நீர்க்கரைகளிலும் நட்டுவைத்தால் மழை தவறிய ஆண்டிலும் மக்கள் உயிர்பிழைப்பர் என்று அரசுக்கு எழுதினார். மரத்தை இன்னதென்று அறிவது பஞ்சகாலத்தில் உயிர்காக்கும் அறிவு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஓவியங்களாகப் பிறந்த நூல்

உலர்ந்த செடி நிறத்தை இழந்துவிடும். வெறும் சொற்களால் இலையின் வடிவத்தை முழுமையாகச் சொல்ல இயலாது. ஆகவே ராக்ஸ்பர்க் நம் நாட்டு ஓவியர்களைப் பணிக்கு அமர்த்தினார். கிளையைப் பறித்துவந்து வைத்தவுடன், அது வாடுவதற்கு முன்னர், அவர்கள் அதனை அளவு மாறாமல் வரைந்தனர். பூவைப் பிரித்து அதன் உள்ளுறுப்புகளையும் தனித்தனியாகத் தீட்டினர்.

1791ஆம் ஆண்டு முதல் அவ்வோவியங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்த ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞர் அவற்றுள் 300 படங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட ஏற்பாடு செய்தார். சோழமண்டலக் கரையின் தாவரங்கள் என்னும் பொருள்படும் தலைப்புடன் 1795 முதல் 1820 வரை மூன்று பெரிய தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. கல்கத்தாவில் வரையப்பட்டவற்றையும் சேர்த்தால் ராக்ஸ்பர்க் வரையச் செய்த ஓவியங்கள் 2500க்கும் மேற்பட்டவை. அவற்றின் ஒரு தொகுதி கொல்கத்தாவிலும் மற்றொன்று இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.

இவ்வளவு நுட்பமாக வரைந்த அவ்வோவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் படங்களில் எழுதப்படவில்லை. மரத்தின் பெயரைச் சொல்லித்தந்த உழவர்கள், மரமேறிகள், மூலிகை அறிந்தோர் ஆகியோரின் பெயர்களும் அவ்வாறே மறைந்துபோயின. செடிகளின் பெயர்களை விடாது பதிந்த ஒரு பணியில், அப்பெயர்களைச் சொன்னவர்களின் பெயர்கள் பதியப்படாமல் போனது ஒரு குறையே ஆகும்.

நீரைத் தெளிவிக்கும் மரமும் உயிரைக் கொல்லும் மரமும்

அந்நூலின் முதல் தொகுதியில் நெருங்கிய உறவுடைய இரண்டு மரங்கள் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. ஒன்று எட்டி, மற்றொன்று தேற்றா.

தேற்றா மரத்தின் விதையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், மண்ணும் தூசியும் அடியில் படிய, நீர் தெளிந்துவிடும். தேற்றுதல் என்றால் தெளியச் செய்தல் என்று பொருள். செயலே பெயராயிற்று. இந்தியில் இதனை நிர்மலி என்பர். அதாவது அழுக்கில்லாமல் ஆக்குவது. அறிவியற்பெயரின் இரண்டாம் சொல்லுக்கும் குடிப்போருக்கு உரியது என்பது பொருள். மூன்று மொழிகள் தம்முள் கலந்துபேசாமலே ஒரே கருத்தைப் பெயராக்கியிருப்பதைக் காணுங்கள்.

எட்டியோ கடும்நஞ்சு உடையது. அதன் விதையிலுள்ள நச்சுப்பொருள் சிறிதளவே உயிரைப் போக்கிவிடும். பழுத்தும் யாருக்கும் பயன்படாத எட்டியைக் கருமிக்கு உவமையாகக் கூறுவது தமிழ் மரபு.

இரு மரங்களிலும் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இலையின் அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்புகள் நுனிநோக்கி ஓடும். இலையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடக்கூடும். பழத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எட்டிப்பழம் சிறு ஆரஞ்சுப்பழம் போல் மஞ்சள்சிவப்பாக இருக்கும். அதனுள் சட்டைப் பொத்தான் போன்ற தட்டையான விதைகள் பல இருக்கும். தேற்றாவின் பழம் சிறியது. பழுத்தால் கருநிறம் கொள்ளும். உள்ளே உருண்டையான விதை இருக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் விளைவு என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். மரம் அறிதலில் ஏறத்தாழச் சரி என்பது போதாது. இலை, பூ, காய், விதை, பட்டை ஆகிய அனைத்தையும் பார்த்தபின்பே ராக்ஸ்பர்க் ஒரு மரத்தின் பெயரை எழுதினார்.

அதே தொகுதியில் விந்தையான இன்னொரு மரமும் உண்டு. பாறைக்குன்றுகளில் வளரும் அதன் பட்டை வெளுத்து வழவழப்பாக இருக்கும். கோடையில் இலைகள் அனைத்தும் உதிர்ந்தபின், நிலவொளியில் வெள்ளைக் கைகளை விரித்து நிற்பது போல் தோன்றும். அதனால் அதற்கு ஆங்கிலத்தில் பேய்மரம் என்னும் பெயர் வழங்குகிறது. மத்திய இந்தியாவில் அதன் பெயர் குல்லு. அதன் காயின் மேலுள்ள மயிர்கள் தோலில் பட்டால் எரியும். ஆகவே எரிச்சலூட்டுவது என்னும் பொருளில் ராக்ஸ்பர்க் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். தொலைவிலிருந்து கண்டவர் பேய் என்றனர். அருகில் சென்று தொட்டவர் எரிச்சல் என்றார்!

கல்கத்தாவில் இருபது ஆண்டுகள்

1787ஆம் ஆண்டு ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் சிப்பூர் என்னுமிடத்தில் இராபர்ட் கிட் என்பவர் தாவரவியல் தோட்டம் ஒன்றை நிறுவியிருந்தார். அவர் 1793ஆம் ஆண்டு மறைந்தார். அவ்வாண்டே ராக்ஸ்பர்க் அத்தோட்டத்தின் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். இன்று அது ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் தோட்டம் என்னும் பெயருடன் விளங்குகிறது. கொல்கத்தாவில் வாழும் மாணவர்கள் அங்குள்ள பேராலமரத்தைக் கண்டிருப்பீர்கள். நோயுற்ற அதன் நடுமரம் 1925ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. ஆயினும் விழுதுகளே தூண்களாகி அம்மரம் இன்றும் படர்ந்துகொண்டிருக்கிறது.

ராக்ஸ்பர்க் பொறுப்பேற்றபோது அங்கு ஏறத்தாழ 300 வகைத் தாவரங்களே இருந்தன. அவர் விடைபெற்றபோது அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 3500 ஆக உயர்ந்திருந்தது. 1795ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மகோகனி மரம் இத்தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் நகரச் சாலைகளில் காணும் மகோகனி மரங்களின் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

நிலைத்த பெயர்களும் உதிர்ந்த பெயர்களும்

புதிய மரத்திற்கு அறிவியற்பெயர் இடும்போது ராக்ஸ்பர்க்கின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெருமக்களின் பெயரைச் சூட்டுதல். மற்றொன்று, மக்கள் வழங்கும் பெயரையே ஏற்றுக்கொள்ளுதல். அவர் இரண்டு வழிகளையும் மேற்கொண்டார். அவற்றின் விளைவுகளைக் காண்போம்.

அசோகம்: வடமொழி அறிஞரான வில்லியம் ஜோன்ஸ் 1794ஆம் ஆண்டு மறைந்தார். அசோக மரத்தின்மீது அவர் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஆகவே ராக்ஸ்பர்க் அம்மரத்திற்கு ஜோனீசியா அசோகா என்று பெயரிட்டார். முதற்சொல் அறிஞரின் நினைவு. இரண்டாம் சொல் மக்களின் வழக்கு. ஆனால் அம்மரம் லின்னேயஸ் ஏற்கெனவே பெயரிட்டிருந்த சராக்கா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர்த் தெரியவந்தது. ஆகவே ஜோனீசியா என்னும் சொல் நீங்கியது. அசோகா என்னும் சொல் இன்றும் நிற்கிறது.

மருது: தில்லியின் சாலையோரங்களில் பருத்து நிற்கும் அர்ஜுன் மரமே தமிழில் நீர்மருது எனப்படுவது. அர்ஜுனம் என்றால் வெண்மை. வெளுத்த பட்டையால் அப்பெயர் வந்தது. அதன் காயில் நீளவாட்டில் ஐந்து சிறகுகள் இருக்கும். ஆகவே ஐஞ்சிறகு என்னும் பொருளில் பென்டாப்டெரா அர்ஜுனா என்று ராக்ஸ்பர்க் பெயரிட்டார். பின்வந்தோர் அதனை டெர்மினேலியா என்னும் பேரினத்துள் சேர்த்தனர். இங்கும் முதற்சொல் மாறியது, அர்ஜுனா மாறவில்லை. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று பெயர்பெற்றது இம்மரத்தாலேயே. ஐந்திணையுள் ஒன்றின் மரம் உங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கக்கூடும்!

புரசு: இலையற்ற கிளைகளில் தீப்பிழம்பு போல் பூக்கும் இம்மரத்தை வடநாட்டார் பலாஷ் என்றும் டாக் என்றும் அழைப்பர். ஹோலிப் பண்டிகைக்கு வண்ணம் எடுப்பது டேசு எனப்படும் இதன் பூவிலிருந்தே. பியூட் பிரபு என்னும் ஆங்கில அமைச்சரின் நினைவாக ராக்ஸ்பர்க் இதன் பேரினத்திற்குப் பியூட்டியா எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றும் நூல்களில் நிற்கிறது. எனினும் ஊர்ப்பெயர்களில் வாழ்வது மக்களின் சொல்லே. வங்காளத்தில் 1757ஆம் ஆண்டு போர் நிகழ்ந்த பலாசி பலாச மரத்தால் பெயர்பெற்ற ஊர் என்பர். சென்னையின் புரசைவாக்கம் புரச மரத்தால் பெயர்பெற்ற ஊர் என்பர். ஆயிரம் மைல் இடைவெளியில் இரண்டு ஊர்கள், இரண்டு மொழிகள், ஒரே மரம்!

சாலம்: நடுவிந்தியக் காடுகளிலும் இமயமலையடிவாரத்திலும் ஓங்கி நிற்கும் சால மரத்திற்கு, அன்றைய தலைமை ஆளுநர் ஜான் ஷோர் பெயரால் ஷோரியா என்று பெயரிட்டார். இன்று அவ்வாளுநரை நினைப்பவர் சிலரே. காட்டில் வாழும் மக்கள் அம்மரத்தை இன்றும் சால் என்றே அழைக்கின்றனர்.

தேன் நிறைந்த கூடை

1810ஆம் ஆண்டு சில்ஹெட் பகுதியிலிருந்து ராக்ஸ்பர்க்குக்கு ஒரு பிரப்பங்கூடை வந்தது. அது நிறையத் தேன் இருந்தது. கூடையிலிருந்து ஒரு துளியும் ஒழுகவில்லை. அவரை வியப்பில் ஆழ்த்தியது தேன் அன்று, கூடையே. அதன் உட்புறத்தில் ஏதோ ஒரு மரத்தின் பால் பூசப்பட்டிருந்தது. அம்மலைவாழ் மக்கள் அவ்வித்தையை முன்னரே அறிந்திருந்தனர். ராக்ஸ்பர்க் அம்மரத்தைப் பற்றி வினவினார். அது ஆலின் இனத்தைச் சேர்ந்தது என்பது தெரியவந்தது. அதன் பால் உலர்ந்தபின் இழுத்தால் நீளும் தன்மையுடையதாதலால் ஃபைகஸ் எலாஸ்டிகா என்று பெயரிட்டார்.

இன்று வீட்டுக் கூடங்களில் தொட்டியில் வளர்க்கப்படும் ரப்பர்ச் செடி இதுவே. மேகாலயத்தில் ஓடைகளின் குறுக்கே காசி இன மக்கள் வளர்த்தெடுக்கும் உயிர்வேர்ப் பாலங்களும் இம்மரத்தின் வேர்களால் ஆனவையே. சக்கரங்களுக்குரிய ரப்பரைத் தருவது பிரேசில் நாட்டிலிருந்து வந்த வேறொரு மரம் என்பதையும் நினைவிற் கொள்க.

நண்பர் காத்த நூல்

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூரில் வில்லியம் கேரி என்பவர் வாழ்ந்தார். பல மொழிகளில் நூல்களை அச்சிட்ட அவர் செடிகளின்மீதும் தணியாத ஆர்வம் கொண்டவர். ராக்ஸ்பர்க் தம் நண்பரின் பெயரால் ஒரு மரத்திற்குக் கேரியா ஆர்போரியா என்று பெயரிட்டார். அம்மரம் தமிழில் ஆய்மா என்றும் கும்பி என்றும் வழங்குகிறது. அதன் காய் சிறு குடம் போன்றது. ஆகவே கும்பம் என்னும் சொல்லிலிருந்து கும்பி என்னும் பெயர் வந்ததென்பர்.

1813ஆம் ஆண்டு உடல்நலம் குன்றிய ராக்ஸ்பர்க் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். வாழ்நாள் முழுதும் எழுதிய இந்தியத் தாவரங்கள் பற்றிய பெருநூல் அப்போது அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப்படியைக் கேரியிடம் விட்டுச் சென்றார். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் தங்கியபோதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அத்தீவின் செடிகளையும் பட்டியலிட்டார். 1815ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் காலமானார்.

ஒரு புயல் அவருடைய முதல் உழைப்பை அழித்தது. இரண்டாம் உழைப்பும் பெட்டியிலேயே கிடந்து கரையானுக்கு இரையாகியிருக்கக்கூடும். கேரி அவ்வாறு நேரவிடவில்லை. ராக்ஸ்பர்க் புறப்பட்ட மறு ஆண்டே, 1814இல், தோட்டத்திலுள்ள தாவரங்களின் பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் வாலிக் என்னும் தாவரவியலாரின் சேர்க்கைகளுடன் 1820, 1824 ஆகிய ஆண்டுகளில் பெருநூலின் இரு தொகுதிகள் வெளிவந்தன. அப்பணி இடையில் நின்றுபோகவே, 1832ஆம் ஆண்டு ராக்ஸ்பர்க் எழுதியவாறே முழுநூலையும் மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். அப்போது கேரிக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. மரத்திற்குத் தம் பெயரைச் சூட்டிய நண்பருக்கு அவர் செய்த கைம்மாறு அது.

பெயர் தாங்கி நிற்கும் மரங்கள்

இந்தியத் தாவரவியலின் தந்தை என்று ராக்ஸ்பர்க் போற்றப்படுகிறார். பிறருடைய பெயர்களை மரங்களுக்குச் சூட்டிய அவருடைய பெயரையும் சில மரங்கள் தாங்கி நிற்கின்றன. இமயமலைச் சரிவுகளில் மும்மூன்றாக இணைந்த நீண்ட ஊசியிலைகளுடன் நிற்கும் சீர் என்னும் பைன் மரம் அவற்றுள் ஒன்று. குழந்தைகளின் நலத்திற்காக விதைகளைக் கோத்து மாலையாக அணிவிக்கும் வழக்கத்தால் பெயர்பெற்ற புத்திரஞ்சீவா மற்றொன்று. அதன் அறிவியற்பெயரில் முதற்சொல் நம் நாட்டு வழக்கு. இரண்டாம் சொல் ராக்ஸ்பர்க்கின் பெயர்.

மாணவர்களே! நீங்கள் வளரும் ஊரில் ஒரு மரத்திற்கு ஒரு பெயர். உங்கள் தாத்தாவின் ஊரில் அதே மரத்திற்கு மற்றொரு பெயர். இரண்டும் உங்களுக்கு உரியவை. ராக்ஸ்பர்க் அயல்நாட்டவர், எனினும் மரத்தடியில் நின்றவரிடம் பெயரைக் கேட்க அவர் தயங்கவில்லை. நமக்கோ கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.

சொற்பொருள்

பேரினம் – நெருங்கிய உறவுடைய தாவர வகைகளின் தொகுதி
வழக்கு – மக்களிடையே பயின்றுவரும் சொல்
கைம்மாறு – செய்த உதவிக்குச் செய்யும் பதிலுதவி
தளிர் – இளமையான இலை
திங்கள் – மாதம்
பிழம்பு – திரண்ட ஒளி அல்லது தீ

அறிந்து கொள்வோம்

தேக்கு என்னும் நம் சொல்லே போர்த்துக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று டீக் ஆயிற்று. ஆலமரத்தின் ஆங்கிலப் பெயரான பான்யன், அதன் நிழலில் கூடி வணிகம் செய்த பனியா என்னும் வணிகரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தேற்றா மரம் எதனால் அப்பெயர் பெற்றது?
2. நெட்டிலிங்கத்தையும் அசோகத்தையும் வேறுபடுத்திக் காட்டும் இரண்டு அடையாளங்களைக் கூறுக.
3. ராக்ஸ்பர்க் பெற்ற தேன்கூடையின் சிறப்பு யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. 1787ஆம் ஆண்டுப் புயலால் ராக்ஸ்பர்க் இழந்தவை யாவை? அவற்றை மீட்பது ஏன் அரிதாயிற்று?
2. ஓவியர்களின் பெயர்கள் எழுதப்படாததை ஆசிரியர் குறை என்று கூறுவது ஏன்? உம் கருத்தை எழுதுக.

இ. பொருத்துக.
1. மருது – சால்
2. புரசு – கும்பி
3. ஷோரியா – அர்ஜுன்
4. ஆய்மா – பலாஷ்

ஈ. பிரித்து எழுதுக.
பேராலமரம், ஐஞ்சிறகு, பெருநூல், ஊசியிலை

உ. செய்து பார்ப்போம்
உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் உள்ள ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றன் இலை, பட்டை, பூ அல்லது காயை வரையுங்கள். அம்மரத்தை இவ்வூரார் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதுங்கள். வீட்டிலுள்ள பெரியவரிடம் அதன் தமிழ்ப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர் சொன்னவரின் பெயரையும் மறவாமல் பக்கத்தில் எழுதுங்கள். தெரியாத காயையோ விதையையோ வாயில் வைத்துப் பார்த்தல் கூடாது.